தலைவருக்கு அடித்த மேளம்

காலை பத்து இருபதுக்கு எல்லாம் பிசகத் தொடங்கியது. சுவர் மணிக்கூட்டை நான் அப்போதுதான் பார்த்தேன். இடைவேளைக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காகப் பின்னக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் பாதி எழுதியிருந்தேன்.

அதற்குச் சற்று முன்பிருந்தே எதிர் மலையில் தப்பு மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. கரகம் எடுக்கும்போது அடிக்கிற துள்ளல் அடி. மாரியம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்ததால் யாரோ பழகுகிறார்கள் என்று நினைத்தேன். பின்வரிசைப் பிள்ளைகள் மேசைக்கடியில் காலால் தாளம் போட்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

பிறகு அடி மாறியது.

வேகம் சட்டென்று பாதியாக விழுந்தது. ஓர் அடி, ஒரு மௌனம். இரண்டு அடி, நீண்ட மௌனம். மேசைக்கடியில் கால்கள் நின்றன. முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்று, "டீச்சர், சாவு மேளம்" என்றாள்.

மலையகத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் எங்கள் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், போன் கிடையாது. தோட்டத்தில் ஒருவர் இறந்தால், சேதியை முதலில் சொல்வது தப்புதான். அந்த மெதுவான அடி கேட்டதும் மலையில் நிற்பவர்கள் கூடையை இறக்கிவிட்டு லயத்துக்கு இறங்கிவிடுவார்கள். எந்தக் கங்காணியும் தடுக்க மாட்டார். யார், எப்போது, எப்படி என்பதையெல்லாம் இறங்கிய பிறகுதான் கேட்பார்கள்.

அடி வந்தது எங்கள் வீட்டுப் பக்கமிருந்து.

என் கணவர் செல்வராஜ் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கரண்டோடு பழகுகிறவரைக் கட்டிக்கொண்டவள் நான். கல்யாணமான நாளிலிருந்து எந்தக் கெட்ட சேதியும் அவர் பெயரோடுதான் என் காதுக்கு வரும் என்று ஒரு நினைப்பு. எழுதிக்கொண்டிருந்த சோக்கட்டியைக் கையில் வைத்தபடியே ஓடினேன்.

கொழும்பிலிருந்து வந்த பெட்டி

நான் ஓடிக்கொண்டிருக்கட்டும். அதற்குள் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி கொழும்பில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை ஒன்றில் வேலை பார்த்தான். கழித்துப்போட்ட பாகங்களைக் கொண்டு ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி, பெரிய அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி, வட்டவளைக்கு ரயிலில் கொண்டுவந்தான். யுத்தம் நடந்து, எங்கும் சோதனைச் சாவடிகள் இருந்த காலம். கோட்டை ஸ்டேஷனிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே என்ன என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்க, பயத்தில் இவன் வாயில் வந்தது "சிந்து, மஹத்தயா" என்பதுதான். பாட்டு, ஐயா.

பாட்டு என்றால் பாடிக் காட்டு என்றாராம் சிப்பாய். கரண்ட் இல்லாமல் பெட்டி எப்படிப் பாடும்? கடைசியில் தம்பிதான் பாடினான். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களக் குழந்தைப் பாட்டு இரண்டு வரி. சிப்பாய் சிரித்துவிட்டுக் கயிற்றைத் தானே கட்டிக் கொடுத்தாராம்.

என் மகள் நிரோஷா அப்போது ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். டைப் அடிக்கப் பழகுவாள், ஏதாவது ஆபீசில் வேலைக்கு உதவும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். தம்பி பெட்டியோடு ஒரு சிடியும் வைத்திருந்தான். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்தது. அதற்குள் ஒரு டிராக்கர் இருந்தது.

டிராக்கர் என்றால் என்னவென்று எனக்கும் அப்போது தெரியாது. கறுப்புத் திரை. அதில் நான்கு நீண்ட பத்திகள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக எண்களும் எழுத்துகளும். வீணையும் இல்லை, வெள்ளைக் கட்டை கறுப்புக் கட்டையும் இல்லை. பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"நெர புடிச்சு கொழுந்து எடுக்கிற மாதிரிம்மா" என்றாள் நிரோ. "ஒவ்வொரு பத்தியும் ஒரு ஆளு. மேலருந்து கீழ ஒன்னா எறங்குவாங்க. எந்த வரில எந்தச் சத்தம்னு நாம எழுதி வச்சா, அந்த வரிக்கு வாரப்ப அது கேக்கும். கீழ முடிஞ்சதும் திரும்ப மேலருந்து."

"ஒன்பதுக்கு அப்புறம் ஏன் ஏ, பி, சின்னு வருது? பத்து எங்க?"

"பத்துதாம்மா ஏ. பதினொன்னு பி. கணக்கு டீச்சருக்கே சொல்லித் தரணுமா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு.

ஆனால் உள்ளுக்குள் கவலைதான். வயதுக்கு வந்த பிள்ளை, ரிசல்ட் வரவில்லை, நாள் முழுக்க ஒரு பெட்டி முன்னால். சமைக்கச் சொன்னால், "ஒரு பத்தி மட்டும்மா" என்பாள். ஒரு பத்தியில் சோறு அடிபிடிக்கும்.

சோக்கட்டியும் தப்பும்

சத்தங்களை அவளே பிடித்தாள். எங்கள் பழைய கேசட் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை வாசலில் போய் நிற்பாள். கொழுந்து வாட்டும் காற்றாடியின் உறுமல், ரோலர் சுற்றும் சத்தம், தகரத்தில் விழும் மழை எல்லாவற்றையும் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றித் துண்டு துண்டாக நறுக்குவாள்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரவைத்தாள். டிக் டிக் டிக் என்று மெல்லிய ஒரு சத்தம், அதற்கடியில் ரோலர், அதற்கும் அடியில் மழை. நன்றாகத்தான் இருந்தது.

"அந்த டிக் டிக் என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"மணிக்கூடா?"

"நீங்கதாம்மா. போர்டுல சோக்கட்டியால தட்டுவீங்கல்ல, சத்தம் போடாதீங்கன்னு. ஜன்னலுக்கு வெளிய நின்னு புடிச்சேன்."

இத்தனை வருடமாகப் பிள்ளைகளை அடக்குவதற்கு நான் தட்டிய தட்டு. அதை வைத்து என் மகள் பாட்டை நடத்திக்கொண்டிருந்தாள். அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அப்புறம் தப்பு வந்தது. தோட்டத்தின் எங்கள் பிரிவில், எங்கள் டிவிஷனில், தப்படிப்பவர் கருப்பையா. பகலில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. திருவிழாவுக்குப் புதிதாக ஒன்று செய்யப் போகிறேன் என்று நிரோ சொன்னதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தப்போடு வந்துவிட்டார். எங்கள் வாசலில் காகிதத்தை எரித்துத் தப்புக்குச் சூடு காட்டினார்.

"எந்த அடி வேணும் பாப்பா?"

"ஒரே ஒரு அடி மாமா. நடுவுல ஒன்னு, ஓரத்துல ஒன்னு. போதும்."

"ஒத்த அடியா? ஒத்த அடிக்கு எவன் ஆடுவான்?"

கேலி செய்துகொண்டே அடித்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். ஒத்தை அடிகளை வரி வரியாக எழுதிக் கரக அடியாக்கியிருந்தாள். கருப்பையா திரையைப் பார்த்தார், பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப நான் தூங்குறப்பவும் அடிப்பனா?"

"அடிப்பீங்க மாமா."

"நல்லது. சாராயத்த மட்டும் என் கையில குடுத்துரு."

அவருடைய தப்பின் விளிம்பில் ஒரு சின்ன விரிசல் உண்டு. அடித்தால் முடிவில் லேசாக ஓர் அதிர்வு கேட்கும். எங்கள் டிவிஷனில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அது கருப்பையா தப்பு என்று சொல்லிவிடுவார்கள். நிரோ அந்த அதிர்வையும் சேர்த்தே பிடித்திருந்தாள்.

ஆளில்லாத வீட்டில்

இப்போது ஓட்டத்துக்குத் திரும்புகிறேன்.

பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரு ஓடை, அப்புறம் ஏற்றம். மேலே மலையிலிருந்து பெண்கள் இறங்குவது தெரிந்தது. பச்சைக்குள் சிவப்பும் நீலமுமாகச் சேலைகள், எல்லாம் ஒரே திசையில். ஒருத்தி தூரத்திலிருந்தே, "தலைவரு போயிட்டாரா டீச்சர்?" என்று கூவினாள்.

தலைவர் என்று எல்லோரும் சொல்வது வேலாயுதம் ஐயாவை. தொழிற்சங்கத் தலைவர். நெஞ்சுவலி என்று அந்த வாரத் தொடக்கத்தில்தான் அவரை டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். ஏற்றும்போது முகமெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து டிவிஷனே காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தது. தப்புச் சத்தம் கேட்டதும் யாருக்கும் இரண்டாவது பெயர் தோன்றவில்லை. எனக்கு மட்டும் இன்னொரு பெயர் தோன்றியது.

வீட்டு வாசலில் யாரும் இல்லை. கதவு திறந்திருந்தது. விறாந்தையில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, கோயிலின் குழாய் ஸ்பீக்கர் நின்றது. திருவிழாவுக்கு முன்னால் திருத்தித் தருவதாக என் கணவர் வாங்கி வைத்திருந்தது. அதற்குள்ளிருந்து கருப்பையாவின் தப்பு அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே போனேன். கறுப்புத் திரையில் வரிகள் மெதுவாக, மிக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. கதிரையில் ஆள் இல்லை. ஆளில்லாத வீட்டில் சாவு மேளம். அந்த ஒரு கணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. என் மனம் கணவரை விட்டு மகளுக்குத் தாவியது. "நிரோ" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். எதை அழுத்தினால் நிற்கும் என்று தெரியாமல் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

அப்போதுதான் அவள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். உயிரோடு, காலெல்லாம் சேறாக. அவளை அடித்தேனா அணைத்தேனா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. இரண்டும் என்று அவள் சொல்கிறாள்.

நடந்தது இவ்வளவுதான். பாட்டின் கடைசியில் கரக அடி இன்னும் துள்ள வேண்டும் என்று, அங்கே வேகத்துக்கான எண்ணை மாற்றியிருக்கிறாள். குழாய் ஸ்பீக்கரில் கோயிலடியில் நின்று கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க, பாட்டைப் போட்டுவிட்டுக் கீழே ஓடியிருக்கிறாள். அவள் கோயிலை நெருங்கும்போது பாட்டு அந்த எண் இருந்த வரிக்கு வந்திருக்கிறது.

"ஆறுன்னு இருந்துச்சும்மா. பன்னெண்டாக்கினேன். கூட்டினா வேகமாகும்னு நெனச்சேன்."

அந்த எண் வேகம் அல்ல. ஒவ்வொரு வரியிலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்கிற கணக்கு. எண் கூடினால் ஓட்டம் மெதுவாகும். ஒருமுறை மெதுவானால் மறுபடி மாற்றும் வரை அப்படியேதான் சுற்றும். நேர்மாறு விகிதம். கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிக் காட்டியிருக்கிறேன்.

கட்டிலில் ஆள் இல்லை

லயத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நிரோ என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

தலைவர் வீட்டு வாசலில் டிவிஷன் முழுதும் நின்றது. அவர் மனைவி பொன்னம்மா அக்கா தலைமுடி அவிழ்ந்து தரையில் கிடந்தார். பாடைக்கு மூங்கில் வெட்டப் போனவர்கள் அதற்குள் திரும்பியிருந்தார்கள். நடுவில் கருப்பையா கவ்வாத்துக் கத்தியோடு நின்று, வருவோர் போவோருக்கெல்லாம் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

"நான் அடிக்கலங்க. மலையில நிக்கிறேன், என் தப்பு இங்க அடிக்குது. ஓடி வந்து பாத்தா அது ஆணியில தொங்குது. தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருக்கு."

"யாரும் அடிக்கல" என்றேன். "எங்க வீட்டுப் பெட்டியிலருந்து வந்துச்சு. பிள்ள தெரியாம செஞ்சிட்டா. தலைவரப் பத்தி ஒரு சேதியும் வரல."

பிறகு பொன்னம்மா அக்கா எழுந்து உட்கார்ந்தார். அழுகை நின்றிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு மேளம் அடிச்சிட்டீங்களா டீச்சர்?"

கூட்டத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. "இனி அவருக்கு ஒன்னு ஆச்சுன்னா, அந்தப் பிள்ளையத்தான் கேக்கணும்."

தோட்டத்து ஆபீசில் ஒரே ஒரு போன் இருந்தது. கிளாக்கர் ஆஸ்பத்திரிக்குப் பேசப் போயிருப்பதாகச் சொன்னார்கள். காத்திருந்தோம். தொழிற்சாலையிலிருந்து என் கணவர் ஓடி வந்தார். நான் அத்தனை பேர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் என் காதில், "செத்துட்டதா சேதி பரவினா ஆயுசு கூடும்னு சொல்வாங்க" என்றார்.

"யாரு சொல்வாங்க?"

"யாராவது சொல்வாங்க."

கிளாக்கர் வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே பெண்கள் பொன்னம்மா அக்காவை நெருங்கி நின்றார்கள்.

"கட்டில்ல ஆள் இல்லையாம். வேற ஒன்னும் கேக்க முடியல, லைன் கட்டாயிருச்சு."

அழுகை மறுபடியும் எழுந்தது. நிரோ என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அம்மா, நான் அடிச்சதாலயாம்மா?" என்றாள்.

ஊர் என்ன சொல்லும் என்று பயந்தே வாழ்ந்தவள் நான். அன்று அந்தப் பயம் எங்கோ போய்விட்டது. இவள் அதை நம்பிவிடுவாள் என்பதுதான் பயம். ஒரு மனிதனைத் தன் பாட்டு கொன்றுவிட்டது என்று நம்பிவிட்டால், அதற்குப் பிறகு எந்தச் சத்தத்தையும் தொட மாட்டாள். சோக்கட்டிச் சத்தத்தைக்கூட. "இல்லடி" என்றேன். என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை.

இன்று அவள் கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை அவளாக எனக்குப் போன் எடுக்கிறாள். நான் நாளுக்கு இரண்டு முறை எடுக்கிறேன். எங்கே மெதுவாகத் தப்பு கேட்டாலும், முதலில் அவளுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் யாருக்கு என்று விசாரிப்பேன்.

லொறியில் வந்தவர்

பகல் கொழுந்து ஏற்றும் லொறி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. கொழுந்து ஏற்ற அன்று மலையில் யாரும் இல்லாததால் லயத்தடிக்கே வந்து நின்றது. முன் கதவு திறந்தது. தலையில் துண்டு கட்டிய ஒருவர், கையில் ஆஸ்பத்திரி மருந்துப் பையோடு, பார்த்துப் பார்த்துக் காலை ஊன்றி இறங்கினார்.

தலைவர்.

கூட்டத்தைப் பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார். சாவு வீட்டுக்குள் நுழைகிற முறைப்படி தலைத் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற கருப்பையாவிடம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"யாருப்பா?"

கருப்பையா கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "நீங்கதான் தலைவரே."

பொன்னம்மா அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கி அதாலேயே அவர் தோளில் ஒரு போடு போட்டார். "இங்க ஒருத்தி செத்துப் பொழைக்கிறேன். இவரு லொறில ஊர்வலம் வாராரு."

"வெள்ளனயே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க புள்ள. பஸ்ஸ விட்டுட்டேன். இதுக்குப் போய் அடிக்கிற."

வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். ஆளுக்கு ஒரு பக்கம் சொன்னார்கள். தேத்தண்ணி வந்தது. அப்போது மலை வேலையைப் பார்க்கிற கண்டாக்கு ஐயா சைக்கிளில் வந்து இறங்கி, அரைநாள் வேலை போனதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சாவுக்கு எறங்குன சனத்துக்குப் பேர் வெட்டிச் சம்பளத்தக் கொறைக்கிற வழக்கம் இந்தத் தோட்டத்துல இல்லைங்க ஐயா. செத்தவனே சொல்றேன், எழுதிக்கங்க."

கண்டாக்கு ஐயா சிரிப்பை மறைக்கத் தொப்பியைச் சரிசெய்தார்.

பிறகு தலைவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "டீச்சர் மக எங்க? இங்க வா பாப்பா."

நிரோ முந்தானையை விட்டாள். அவர் முன்னால் போய் நின்றாள். கூட்டம் அவளையே பார்த்தது. பொன்னம்மா அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாம கூட்டிட்டேன் தாத்தா" என்றாள். "எண்ணக் கொறைக்கணும். அப்பத்தான் வேகமாகும்."

"டாக்டரும் எனக்கு அதத்தான் சொன்னாரு. உப்பு, சீனி, கோவம், எல்லாத்தையும் கொறைக்கணுமாம்." அவள் முகத்தையே பார்த்தார். "செத்தவன் எவனும் தனக்கு அடிச்ச மேளத்தக் கேட்டதில்ல. எனக்கு அந்தப் பாக்கியம் கெடைக்க இருந்துச்சு, டீச்சர் பிளக்கப் புடுங்கிட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நிரோ மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் அதைக் கண்டுகொண்டார். துண்டை எடுத்துத் திரும்பவும் தலையில் கட்டினார், பொன்னம்மா அக்காவின் தோளைப் பிடித்து எழுந்து நின்றார்.

"போயி போடு பாப்பா, இப்பவே. நான் இங்கயே நிக்கிறேன். வேகமா வந்தா ஆடுறேன், மெதுவா வந்தா படுத்துக்கிறேன். எது வந்தாலும் ஒன்ன ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."